மீட்டர் பல்புகளை நீல எல்.இ.டி.யாக மாற்றலாமா? காருக்குள் போடும் விளக்குக்கு விதி உண்டா?

மழைமானி கேட்டது:

பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். மீட்டர்களுக்குப் பின்னால் இருப்பவை இன்னும் இழை பல்புகள்தாம். ஆரஞ்சு நிறத்தில் சோகமாக எரிகின்றன. முந்தைய உரிமையாளர் காலடியில் எல்.இ.டி. பட்டை ஒன்றை ஒட்டி, பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறி மின்னும்படி செய்திருக்கிறார். அதன் ஒரு முனை பசை விட்டு, பிரேக் பெடலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது.

என் திட்டம் இதுதான். எச்சரிக்கை விளக்குகள் உட்பட மீட்டர் பல்புகள் அனைத்தையும் நீல எல்.இ.டி.யாக மாற்றிவிடுவது. ஹெட்லைட் போட்டால்தான் மீட்டர் எரிகிறது என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. புதிய கார்களில் இருப்பதுபோல, சாவியைத் திருப்பியதும் எரியும்படி இணைக்க நினைக்கிறேன். கூரை விளக்கையும் நல்ல வெளிச்சமுள்ளதாக மாற்ற வேண்டும். பின்னிருக்கையில் கைக்குழந்தை இருப்பதால், இரவில் எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு விதி ஏதும் உண்டா? கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதே குற்றம் என்கிறார் என் மாமனார். நீலம் நல்லதா, சிவப்பு நல்லதா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை நாடோடி பதில்:

உங்கள் மாமனார் மட்டுமல்ல, எல்லா வீட்டு அப்பாக்களும் அதைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் பின்னால் விளக்கைப் போட்டு விளையாடாமல் இருக்க அதைவிட எளிய வழி கிடையாது. பிரிட்டனில் அப்படித் தனிக் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வெளிச்சத்தால் உங்கள் ஓட்டம் தடுமாறினால், கவனக்குறைவாக ஓட்டியதாகப் போலீஸ் வழக்குப் போட முடியும்.

நிறத்தில் சந்தேகமே வேண்டாம், சிவப்புதான். விமானிகளும் நீர்மூழ்கிக் கப்பல்காரர்களும் சிவப்பு விளக்கைச் சும்மாவா பயன்படுத்தினார்கள்?

ஃபியூஸ்பெட்டி பதில்:

தம்பி, நான் வாகன மின்வேலை செய்பவன். உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுவார்கள். எனக்குப் பயம் உங்கள் எச்சரிக்கை விளக்குத் திட்டத்தைப் பார்த்துத்தான்.

முதலில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. பழைய கார்கள் பலவற்றில் அது வெறும் அறிவிப்பு விளக்கு அல்ல. சாவியைத் திருப்பியதும் ஆல்டர்னேட்டரின், அதாவது என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவியின், சுழலும் சுருளுக்கு முதல் மின்னோட்டம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அந்த உந்துதல் கிடைத்த பிறகே ஆல்டர்னேட்டர் தானாக மின்சாரம் எடுக்கத் தொடங்கும். 3 வாட் பல்பு 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் விடும். அதன் இடத்தில் எல்.இ.டி.யைச் செருகினால் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. விளைவு, ஆல்டர்னேட்டர் விழிக்காமலே கிடக்கும். வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடும். சில கார்களில் இதற்காகவே பல்புக்கு இணையாக ஒரு மின்தடை வைத்திருப்பார்கள். உங்கள் காரில் இருக்கிறதா என்று மின்சுற்றுப் படத்தில் பார்க்காமல் அந்த பல்பில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது நிறம். எச்சரிக்கை விளக்குகளில் பல்பு வெள்ளையாக எரியும். முன்னால் இருக்கும் நிறத் தகடுதான் சிவப்பையும் மஞ்சளையும் தருகிறது. சிவப்புத் தகட்டுக்குப் பின்னால் நீல எல்.இ.டி. வைத்தால் என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. சிவப்புத் தகடு நீல ஒளியை வெளியே விடாது. பிரேக் எண்ணெய் குறைந்திருக்கும், விளக்கும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும், நீங்கள் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி.யும் இங்கே சுமார்தான். அதில் சிவப்புப் பங்கு குறைவு. மாற்றியே ஆக வேண்டுமென்றால் தகடு எந்த நிறமோ அதே நிற எல்.இ.டி.யைப் போடுங்கள்.

விதி கேட்டீர்கள். கைக்கட்டுப்பாடுகளும் எச்சரிக்கை விளக்குகளும் எப்படி அடையாளம் காட்ட வேண்டும் என்பதற்கு ஐ.நா.வின் 121ஆம் ஒழுங்குவிதி இருக்கிறது. பிரேக் கோளாறுக்குச் சிவப்பு, ஏ.பி.எஸ். கோளாறுக்கு மஞ்சள், இண்டிகேட்டருக்குப் பச்சை, ஹை பீமுக்கு நீலம் என்று அதில் நிறங்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. இப்போது நீங்களே யோசியுங்கள்: மீட்டர் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தால், ஹை பீம் போட்டிருப்பதைச் சொல்லும் அந்த ஒரு சின்ன நீலப் புள்ளி எங்கே தெரியும்? எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்துக்கொண்டே போவீர்கள்.

உள் வெளிச்சத்துக்கு நேரடியான விதி அமெரிக்காவின் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் 101இல் இருக்கிறது. மீட்டர் வெளிச்சத்தைக் குறைந்தது இரண்டு அளவுகளில் மாற்ற முடிய வேண்டும். அவற்றில் ஒன்று, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இலேசாகத்தான் தெரியும் என்ற அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும். மீட்டரோடு சேராத மற்ற விளக்குகளுக்கும் ஒரு பத்தி உண்டு. ஓட்டுநர் இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, அமர்ந்தவரின் இடுப்பு மூட்டு வரும் இடத்திலிருந்து 110 மில்லிமீட்டர் பின்னால் ஒரு செங்குத்துத் தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருந்து, வண்டி ஓடும்போது எரியக்கூடிய எந்த விளக்கும் மூன்றில் ஒரு நிபந்தனைக்கு உட்பட வேண்டும்: வெளிச்சம் இரண்டு அளவுகளிலாவது மாற வேண்டும், அல்லது அந்த மங்கலான அளவிலேயே நிற்க வேண்டும், அல்லது அணைக்க வழி இருக்க வேண்டும். உள்ளே விளக்கெரித்தபடியே ஓடும் பஸ்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் விற்கும் புதிய வண்டியைச் செய்பவர்களுக்கான விதி இது, உண்மைதான். ஆனால் நம் கைவேலைக்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

எல்.இ.டி.யை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணமும் இந்த இரண்டு அளவு விவகாரம்தான். உங்கள் காரின் வெளிச்சத் திருகு இழை பல்புக்காகச் செய்யப்பட்ட மின்தடை வகையாக இருந்தால், எல்.இ.டி. அதற்கு அடங்காது. திருகைப் பாதிக்கு மேல் குறைத்தாலும் முக்கால் வெளிச்சத்தில் எரியும், பிறகு ஒரேயடியாக அணைந்துவிடும். மங்கலாக வைக்க வழியில்லாத மீட்டர், இரவில் மார்புக்கு நேரே பிடித்த கைவிளக்கு மாதிரி. நீங்கள் 'சோகமாக' என்று சொல்கிற அந்த ஆரஞ்சைப் பெரிய பொறியாளர் குழு ஒன்று இரவில் உட்கார்ந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கும். பல்புகள் பழசாகிக் கறுத்திருந்தால் அதே வாட்டில் புதிய இழை பல்புகளைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும்.

இனி அந்தப் பட்டை. இன்றைக்கே கழற்றுங்கள். நிறம் எதுவானாலும் சரி, பிரேக் பெடலுக்கு மேல் தொங்கும் எந்தப் பொருளும் ஒருநாள் பெடலுக்குக் கீழே போகும். மறுபடி ஒட்டுவதானால் பசையை நம்பாமல் கிளிப் போட்டு இறுக்குங்கள். மின் இணைப்பு எடுக்கும் இடத்திலேயே சிறிய ஃபியூஸ் இருக்க வேண்டும். பட்டையின் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசிப் பற்றும்போது அது காப்பாற்றாது. முன்கண்ணாடியின் பக்கத் தூண் உறைக்குள் ஒயரை ஓட்டாதீர்கள். பக்கச் சன்னலை மூடி விரியும் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அது விரியும் வழி அங்கேதான். மஞ்சள் உறை போட்ட ஒயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள், அது பெரும்பாலும் ஏர்பேக் சுற்று. பாட்டுக்கு மின்னும் வசதியை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். ஓரக்கண் அசைவையும் மினுக்கலையும் பிடிப்பதில் கில்லாடி. சாலையோரத்தில் ஒருவர் குறுக்கே வருவதைக் கவனிக்க வேண்டிய அதே ஓரக்கண்ணுக்கு நீங்கள் பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் மின்னும் சிவப்பும் நீலமும் அவசர ஊர்தி என்று தோன்றக்கூடும். பல நாடுகளில் அதற்குத் தனியாகவே தண்டனை உண்டு.

கூரை விளக்கு: பின்னிருக்கைக்கு மட்டும் தனியாக, கீழ்நோக்கி விழும் சிறிய விளக்காகப் போடுங்கள். முன்னால் இருப்பதைப் பிரகாசமாக்காதீர்கள்.

நெடுஞ்சாலை நாடோடி பதில்:

எல்லாம் சரி. சிவப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல்கூடக் காணோமே?

விழித்திரை பதில்:

அதை நான் சொல்கிறேன். கண் பரிசோதனை என் வேலை.

சிவப்பின் புகழுக்குக் காரணம் உண்டு. விழித்திரையில் மங்கல் ஒளிக்கான கோல் செல்கள் 500 நானோமீட்டர் அருகே, அதாவது நீலப்பச்சையில், மிகவும் உணர்ச்சியுள்ளவை. 640க்கு மேற்பட்ட ஆழ்ந்த சிவப்பை அவை கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. ஆகவே சிவப்பு விளக்கில் வரைபடம் பார்த்தாலும் இருட்டுக்குப் பழகிய நிலை கலையாது. அந்தப் பழக்கம் முழுதாக வர அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு அது பெரிய சொத்து.

ஆனால் கார் ஓட்டுபவர் அந்த இருட்டில் இல்லையே. அவருடைய ஹெட்லைட்டே முன்னால் சாலையை ஒளியாக்குகிறது, எதிர்வண்டிகள் வேறு. கோல் செல்களும் நல்ல வெளிச்சத்துக்கான கூம்பு செல்களும் சேர்ந்து வேலை செய்யும் இடைநிலையில்தான் அவருடைய கண் இருக்கிறது. அங்கே சிவப்பால் கிடைக்கும் இலாபம் சிறியது. நஷ்டமோ சிலருக்குப் பெரியது. சிவப்பு ஒளி கண்ணுக்குள் சற்றுப் பின்னால் போய்க் குவிகிறது, அதனால் வெள்ளெழுத்து உள்ளவர்களுக்குச் சிவப்பு எண்கள் மங்கலாகத் தெரியும். நிறக் குறைபாடுள்ள ஆண்களில் ஒரு பிரிவினருக்குச் சிவப்பு இருண்டே தெரியும். நீலம் இதற்கு நேர் எதிர்த் தொல்லை: வயதான விழிலென்ஸுக்குள் அதிகமாகச் சிதறி, பார்வைக்கு மேல் ஒரு புகைத்திரை போட்டுவிடும். ஃபியூஸ்பெட்டி அண்ணன் ஆரஞ்சுக்குப் பரிந்து பேசியது தற்செயலாகவோ அனுபவத்தாலோ, சரியான இடத்தில் வந்து நின்றிருக்கிறது.

இன்னொன்று. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேர்கிறது. மாமனார் ஓட்டும்போது கூரை விளக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால், சட்டத்தை விடுங்கள், அவர் கண்ணை நம்புங்கள். உள்ளே வெளிச்சம் இருந்தால் கண்ணாடி முழுவதும் பிரதிபலிப்பு. வெளியே இருட்டில் நிற்கும் மனிதரின் மேல் உங்கள் குழந்தையின் போர்வை தெரியும்.

மழைமானி பதில்:

அனைவருக்கும் நன்றி. பட்டையைக் கழற்றிவிட்டேன், பின்னால் முறுக்கிவிட்ட ஒயர்கள் மேல் டேப்கூட இல்லை. நீலத் திட்டத்தையும் கைவிடுகிறேன். புதிய இழை பல்புகளே போதும்.

ஆனால் சாவியைத் திருப்பியதும் மீட்டர் எரியும்படி இணைப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதில் என்ன ஆபத்து இருக்க முடியும்? புதிய கார்கள் எல்லாம் அப்படித்தானே வருகின்றன?

ஃபியூஸ்பெட்டி பதில்:

நான் எழுத விட்டுப்போனது அதுதான், கேட்டது நல்லது.

ஹெட்லைட் போடாமல் மாலையில் கிளம்பினால், உங்கள் காரில் மீட்டர் இருட்டாக இருக்கும். வேகம் தெரியவில்லையே என்று உடனே விளக்கைப் போடுவீர்கள். நீங்கள் குறை என்று நினைப்பது ஒரு நினைவூட்டல். மீட்டரை எப்போதும் எரியவிட்ட புதிய கார்களில் அந்த நினைவூட்டல் போய்விட்டது. வண்டி ஓடும்போது பகலிலும் தானாக எரியும் முன்விளக்கான பகல் விளக்கும் எரிகிறது, மீட்டரும் ஜொலிக்கிறது. ஓட்டுபவர் எல்லா விளக்கும் போட்டாயிற்று என்று நம்பிவிடுகிறார். பின்னால் டெயில் லைட் எரியாமல், கறுப்பு நிழலாக வண்டி போய்க்கொண்டிருக்கும்.

கனடாவில் 1989 டிசம்பரிலிருந்து புதிய வண்டிகளுக்குப் பகல் விளக்கு கட்டாயம் என்பதால் இந்தத் தொல்லை அங்கே நன்றாகப் பழகிப்போனது. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே புதிய வண்டிகளுக்கு ஒரு விதி நடப்பில் இருக்கிறது. பகல் விளக்கோடும் ஒளிரும் மீட்டரோடும் சேர்ந்து டெயில் லைட்டும் எரிய வேண்டும். அல்லது இருட்டியதும் எல்லா விளக்குகளும் தாமாக எரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால், விளக்குப் போடும் வரை மீட்டரை இருட்டாகவே வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வழியைப் பார்த்தீர்களா? உங்கள் பழைய கார் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

புதிய கார்கள் பலவற்றில் ஒளி உணரி இருக்கிறது. ஐ.நா.வின் 48ஆம் ஒழுங்குவிதிப்படி, தானாக எரியும் ஹெட்லைட் என்றால் வெளியே வெளிச்சம் 1000 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கிய 2 விநாடிக்குள் எரிய வேண்டும். 7000 லக்ஸுக்கு மேலே ஏறினால் 5 விநாடி கழிந்த பிறகு, 300 விநாடிக்குள் அணைய வேண்டும். அப்படி ஓர் உணரியையும், அதன் சைகைக்கு விளக்கைப் போடும் மின்விசையான ரிலேயையும் சேர்த்துப் போடும் உத்தேசம் இருந்தால் மீட்டரைச் சாவியோடு இணைக்கலாம். இல்லையென்றால் அந்த ஒயரை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பல்பு மாற்றும்போது பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், ரேடியோ ரகசிய எண் கேட்கும் வகை என்றால் அதை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் பெட்டியை வெளியே எடுத்ததும் பேட்டரி விளக்கின் தாங்கியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்பதை எனக்குச் சொல்லுங்கள். பிறகு மற்றவற்றைப் பேசலாம்.