இலியோசோவாஸ் தசைக் காயம்: நொண்டல் நின்றதும் நாயை ஓடவிடலாமா?

கேள்வி

அஜிலிட்டி (தடைகளைத் தாண்டி ஓடும்) போட்டிகளுக்குப் பழக்கப்பட்ட நான்கு வயது பார்டர் கோலி பெண் நாய் எங்களிடம் இருக்கிறது. தடை தாண்டி இறங்கும்போது பின்னங்கால் வழுக்கி அகன்றதில், இடுப்பை மடக்கும் இலியோசோவாஸ் தசை தொடையெலும்போடு சேரும் இடத்தில் நார்கள் கிழிந்திருப்பது அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. ஓய்வும் அழற்சியைத் தணிக்கும் மருந்தும் கொடுத்த பின் நொண்டல் முற்றிலும் நின்றுவிட்டது. அவளோ அடங்கியிருக்க மறுக்கிறாள். இனிப் பழையபடி ஓடவிடலாமா, இடையில் ஏதேனும் பயிற்சி தேவையா? காலைப் பின்னோக்கி இழுத்துத் தசையை நீட்டிவிடும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாமா?

மறுமொழி 1 (விலங்குகளுக்கான இயன்முறை சிகிச்சை அளிப்பவர்)

நொண்டல் நின்றது வலி தணிந்ததற்கான அடையாளமே தவிர, தசை வலுப்பெற்றதற்கான அடையாளம் அல்ல. கிழிந்த இடத்தில் முதலில் உருவாகும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் தாறுமாறாகப் படிந்த வலுவற்ற திசு. அளவான பளு தொடர்ந்து கிடைத்தால்தான் அது இழுவிசையின் திசையில் சீரமைந்து உறுதிப்படும். அதற்குச் சில வாரங்களல்ல, பல மாதங்கள்கூட ஆகலாம். முதுகெலும்பின் இடுப்புப் பகுதியிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கித் தொடையெலும்பின் உட்புறத்தில் முடியும் இந்தத் தசை, இடுப்பு மூட்டை மடக்கிக் காலை முன்னே கொண்டுவருகிறது. நாய் தாவுவதற்காகக் காலைப் பின்னே நீட்டி உந்தும்போதும், வழுக்கிக் கால் அகலும்போதும், சுருங்க முயலும் அதே நேரத்தில் இத்தசை நீளவும் நேர்வதால், முழு வேகத்துக்கு அவசரமாகத் திரும்பும் நாய்களில் காயம் மீண்டும் வருவது வழக்கம்.

ஆகவே முதலில் கழுத்துவாரில் பிடித்தபடி, சமதளத்தில், நாய் நான்கு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றும் அளவுக்கு மெதுவாக நடக்க வையுங்கள். வேகமாக நடத்தினால் வலியுள்ள காலைச் சரியாக ஊன்றாமல் அது சாமர்த்தியமாக ஏமாற்றிவிடும். தண்ணீர் டிரெட்மில் (நீர்த்தொட்டிக்குள் ஓடும் நடைப்பட்டை) கிடைத்தால் நல்லது: நீர் மட்டம் கணுக்கால் மூட்டளவு இருக்கையில் உடல் எடையில் சுமார் 91 சதவீதமும், முழங்காலளவில் சுமார் 85 சதவீதமும், இடுப்பு மூட்டளவில் சுமார் 38 சதவீதமும் மட்டுமே கால்களில் இறங்கும். நீர் முழங்காலுக்கு மேலே ஏறும்போதுதான் சுமை பெருமளவு குறைகிறது என்பதை இதிலிருந்து அறியலாம். ஆனால் நீரின் எதிர்ப்பை மீறிக் காலை முன்னே கொண்டுவருவதும் இதே தசையின் வேலைதான் என்பதால், தொடக்கத்தில் குறுகிய நேரமும் குறைந்த வேகமும் போதும். அடுத்ததாகத் தரையில் தாழ்வாக வைத்த கம்பிகளை நடந்தபடி தாண்டுதல், நேராக உட்கார்ந்து எழுதல், பின்னோக்கி நடத்தல், மிதமான மேட்டில் ஏறுதல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம்.

காலைப் பின்னோக்கி இழுப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இடுப்பு மூட்டை நீட்டித் தொடையை உட்புறம் திருப்புவது இந்தக் காயத்தைக் கண்டறிய மருத்துவர் செய்யும் வலிச் சோதனை. ஆறாத தசையில் அதையே தினமும் பலமாகச் செய்வது மீண்டும் கிழிப்பதற்குச் சமம். பிற்பாடு, முன்னங்கால்களைத் தாழ்வான மேடையில் வைத்து நிற்கச் செய்தால், நாய் தானாகவே தாங்கும் அளவுக்கு மட்டும் நீட்சி கிடைக்கும்.

மறுமொழி 2 (பயிற்சியாளர்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நடைமுறையில் கடினமானது பயிற்சி அல்ல, இத்தகைய நாயை அடக்கி வைப்பதுதான். மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு அதன் மனத்தைக் களைப்பாக்கும், உடலைப் பதம் பார்க்காது. பந்து எறிவதும் கயிறு இழுப்பதும் இக்காலத்தில் கூடவே கூடாது. வழவழப்பான தரையில் விரிப்பு போடுங்கள், நகங்களை வெட்டி வையுங்கள், சோபாவில் ஏறி இறங்கவிடாதீர்கள். போட்டிப் பயிற்சிக்குத் திரும்பும்போது நேர்கோட்டு ஓட்டம் முதலிலும், மிகத் தாழ்ந்த தடைகள் அதற்குப் பின்னும் வரட்டும். கம்பங்களுக்கு இடையே வளைந்து ஓடுவதும் கூர்மையான திருப்பங்களும் கடைசியில்தான்.

மறுமொழி 3 (கால்நடை மருத்துவர்)

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இலியோசோவாஸ் வலி தனித்து வருவதுபோலவே, முழங்காலின் சிலுவைத் தசைநார்ச் சிதைவு, இடுப்பு மூட்டுக் குறைபாடு, கீழ்முதுகுக் கோளாறு ஆகியவற்றின் விளைவாகவும் வரும். முறையாகப் பயிற்சி கொடுத்தும் நொண்டல் திரும்பினால், தசையை நோவதற்கு முன் அவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். பின்னங்கால் தசைக் காயங்கள் எல்லாம் ஒரே வகையும் அல்ல. பந்தய கிரேஹவுண்டுகளில் தொடையின் உட்புறமுள்ள கிராசிலிஸ் தசை திடீரென அறுந்துபோவதுண்டு. ஜெர்மன் ஷெப்பர்டுகளில் அதே தசையோ பக்கத்திலுள்ள செமிடென்டினோசஸ் தசையோ நார்த்திசுவாக இறுகி, வலி அதிகமில்லாமலே நடையைக் குறுக்கிவிடும்; அந்த இறுக்கத்தை அறுவை செய்து அகற்றினாலும் பெரும்பாலும் திரும்ப வந்துவிடுகிறது. இடையில் வலி தெரிந்தால் மனிதர்களுக்கான ஐபுபுரூபன் கொடுத்துவிடாதீர்கள்; அது நாய்களின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதை வீட்டில் எப்படித் தீர்மானிப்பது?

மறுமொழி 1

நாள்காட்டியைப் பார்க்காமல் நாயைப் பாருங்கள். பயிற்சி முடிந்த உடனே அல்ல, மறுநாள் காலை எழுந்திருக்கும்போது விறைப்போ தயக்கமோ இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். இரண்டு தொடைகளின் சுற்றளவையும் ஒரே நிலையில், ஒரே உயரத்தில், ஒரே ஆள் நாடாவால் அளந்து குறித்து வாருங்கள். ஓட்டத்தைக் கைப்பேசியில் மெதுவான வேகத்தில் பதிவுசெய்து, இரு பின்னங்கால்களும் முன்னே எட்டும் தூரம் சமமா என்று ஒப்பிடுங்கள். தாவும் பயிற்சிக்கு முன்பு மட்டும் உங்கள் மருத்துவர் அந்த நீட்சிச் சோதனையை இரு பக்கமும் செய்து, வலியில்லை என்று உறுதிசெய்யட்டும்.