பழைய வண்ணாரப்பேட்டை வீட்ட ஜேவிக்கு குடுக்கலாமா? கீழ வாடகைக்கு இருக்கறவங்களுக்கு என்ன வழி?

வண்ணை_வாசல்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டையில, ஒன்றரை கிரவுண்டு, தாத்தா வாங்குனது, அப்பா ஒரே பையன்றதால அவருக்கு வந்துச்சு. அப்பா உயில் எதுவும் எழுதாம தவறிட்டாரு. இப்ப அம்மா, அண்ணன், அக்கா, நான். மெட்ரோ வர்ற வரைக்கும் இந்த தெரு பக்கம் ஒரு புரோக்கர் கூட எட்டி பாத்ததில்ல, 2019ல வண்ணாரப்பேட்டைல இருந்து டிஎம்எஸ் வரைக்கும் சுரங்கத்துல ரயில் ஓட ஆரம்பிச்சு அப்புறம் 2021ல விம்கோ நகர் வரைக்கும் நீட்டின பிறகு வாரத்துக்கு ஒருத்தர் கதவ தட்டறாங்க. எங்க தெருவுலயே ஓட்டு வீடுங்க போயி ஸ்டில்ட் போட்ட, அதாவது கீழ தூண் மட்டும் விட்டு வண்டி நிறுத்தற மாதிரி பில்டிங்கா மாறிட்டே வருது.

ஒரு பில்டர் ஜேவி கேக்கறாரு, அதாவது இடம் எங்களுது, கட்டற செலவு அவரோடது, வீட்ட பிரிச்சுக்கறது. மொத்தம் 8 ஃபிளாட், ஆளுக்கு பாதி, எங்களுக்கு 4. "இன்னும் ஒரு மாடி சேத்து போட்டுக்கலாம், நான் பாத்துக்கறேன்"னு வேற சொல்றாரு. சித்தப்பா முறையில ஒருத்தரு, அக்காவுக்குதான் கல்யாணத்துல செஞ்சாச்சே, கையெழுத்து மட்டும் வாங்கிக்கங்கன்றாரு. எனக்கு அது சரியா படல.

எனக்கு அதவிட பெரிய கவலை கீழ் போர்ஷன்ல இருக்கற குடும்பம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தவங்க, எம்.சி. ரோடு கடைங்களுக்கு நைட்டி, பாவாடை தைச்சு குடுக்கறாங்க, ஹால் முழுக்க மிஷின்தான். அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ ராத்திரி பூரா ஸ்டான்லியில எங்ககூட உக்காந்தவங்க. அவங்கள காலி பண்ண சொல்ல அம்மாவுக்கு வாயே வரல. இந்த ஏரியாவுல இப்ப கேக்கற வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் அவங்களால வேற வீடு புடிக்க முடியாது, தூரமா போனா கடைக்காரங்க வேலை குடுக்க மாட்டாங்க. வீடும் பழசு, மழைக்கு ஒழுகுது, அப்படியே விடவும் முடியாது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கம்பி_கட்டுறவன்:

ப்ரோ, நான் சிவில், இந்த பக்கமே நிறைய சைட் பாத்திருக்கேன். மொதல்ல கணக்க பாருங்க. ஒன்றரை கிரவுண்டுனா 3600 சதுர அடி. 2019 பொது கட்டட விதிகள்படி உயரமில்லாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது நிலத்தோட அளவுல ரெண்டு மடங்கு, 7200 சதுர அடிதான் கட்ட முடியும். 8 ஃபிளாட்னா ஒண்ணு 900, அதுலயும் படி, சுவர்லாம் போனா உள்ள நடமாடற இடம் இன்னும் கம்மி. இதுக்கு மேல வேணும்னா அரசாங்கத்துக்கு காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கணும், அதுக்கு ரோடு குறைஞ்சது 9 மீட்டர் இருக்கணும், 9ல இருந்து 12க்குள்ளனா 30 சதவீதம், 12க்கு மேல 40, 18க்கு மேல 50. பழைய வண்ணாரப்பேட்டை உள் தெருங்கள்ல 9 மீட்டர்ன்றது, அதாவது 30 அடி, எத்தனை தெருவுல இருக்கு? டேப்ப எடுத்து உங்க தெருவ நீங்களே அளந்து பாருங்க. இல்லன்னா அந்த "இன்னொரு மாடி" பிளான்ல இல்லாத மாடி. நாளைக்கு சீல் வெச்சா அவரு காசு வாங்கிட்டு போயிருப்பாரு, நோட்டீஸ் ஒட்டறது உங்க கேட்ல.

அடுத்தது, ஏன் கரெக்டா 8ன்னு சொல்றாரு தெரியுமா? இடம் 500 சதுர மீட்டருக்குள்ள, வீடு 8க்குள்ள இருந்தா ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு தேவையில்ல. உங்க இடம் 334 சதுர மீட்டர்தான் வருது. பதிவு பண்ற புராஜெக்ட்ல வாங்கறவங்க காசுல 70 சதவீதத்த தனி அக்கவுன்ட்ல போட்டு அந்த வேலைக்கு மட்டும்தான் எடுக்க முடியும். உங்க கேஸ்ல அந்த பூட்டு கிடையாது, வாங்கறவங்க குடுத்த காச எடுத்து கொளத்தூர்ல வேற சைட்டுக்கு போட்டா கேக்க ஆளில்ல. அவரு தப்பான ஆளுன்னு சொல்லல, சின்ன இடம் எல்லாமே இப்படிதான். ஆனா சட்டம் தராத பாதுகாப்ப நீங்க அக்ரிமென்ட்லதான் எழுதி வாங்கணும்.

ராயபுரம்_ராணி:

நான் ஒரு வக்கீல் ஆஃபீஸ்ல டாக்குமென்ட் வேலை பாக்கறேன், அதனால பேப்பர் பத்தி மட்டும் சொல்றேன் தம்பி.

அக்கா விஷயத்துல அந்த சித்தப்பா சொல்றத காதுல போட்டுக்காதீங்க. உயில் இல்லாம அப்பா போனதால அம்மா, அண்ணன், அக்கா, நீங்க நாலு பேருக்கும் சமமா கால் பங்கு, நகை போட்டாங்களா சீர் செஞ்சாங்களான்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அக்காவா மனசு வந்து பங்கு வேணாம்னு விடுதலை பத்திரம் எழுதினா சரி, இல்லன்னா அவங்களும் ஜேவில ஒரு ஓனர். நாலு ஃபிளாட், நாலு பங்கு, உங்களுக்கு கணக்கு நல்லாவே உக்காருது. மொதல்ல வாரிசு சான்று, அப்புறம் பட்டாவ நாலு பேர் பேருக்கு மாத்துங்க, மூலப்பத்திரத்துல இருந்து வில்லங்கம் போட்டு பாருங்க. இதெல்லாம் பில்டர் ஆள் செஞ்சு தரேன்னு பேப்பர வாங்கிட்டு போவாங்க, குடுக்காதீங்க. ஒரிஜினல் பத்திரம் உங்க கையவிட்டு போகவே கூடாது. போச்சுன்னா அத வெச்சு கடன் வாங்கறதுக்கு வழி திறந்துடும்.

பில்டருக்கு பவர், அதாவது உங்க சார்பா விக்கற அதிகாரம் குடுக்கும்போது முழு இடத்துக்கும் குடுக்காதீங்க. அவரோட 4 வீட்டுக்கு உண்டான யூடிஎஸ், அதாவது பிரிக்காத நிலத்துல வர்ற பங்கு, 1800 சதுர அடிக்கு மட்டும். மீதி 1800 உங்க பேர்லயே நிக்கணும். அவரோட பங்குல கடைசி ரெண்டு வீட்ட உங்க சாவி கைக்கு வந்த அப்புறம்தான் விக்கலாம்னு போடுங்க, இது ஒண்ணு இருந்தாலே பாதி வேலை ஒழுங்கா நடக்கும். கட்டற வரைக்கும் உங்களுக்கு மாச வாடகை, லேட்டானா மாசத்துக்கு இவ்ளோன்னு அபராதம், கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வாங்கி தர்றது அவர் பொறுப்பு, எல்லாமே ரிஜிஸ்டர் பண்ணின அக்ரிமென்ட்ல வரணும். வரிக்கும் அந்த சர்டிஃபிகேட் முக்கியம், தனி ஆளுங்க ஜேவிய ரிஜிஸ்டர் பண்ணி போட்டா கேபிடல் கெயின் வரி, அதாவது சொத்து கைமாறறதுல வர்ற லாபத்துக்கான வரி, அந்த சர்டிஃபிகேட் வந்த வருஷத்துலதான் விழும், ஆனா அதுக்கு முன்னாடி உங்க பங்க வித்தா அந்த சலுகை போயிடும். ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

மில்காரர்_பேரன்:

நான் வியாசர்பாடி. எங்க தாத்தா பி அண்ட் சி மில்லுல இருந்தாரு. 1918ல சென்னை தொழிலாளர் சங்கம், வாடியாவும் திரு.வி.க.வும் முன்ன நின்ன சங்கம், அது உருவானது அந்த மில்காரங்கள வெச்சுதான். 1996ல மில்ல மூடினாங்க. இப்ப அந்த இடத்துல வானத்த தொடற மாதிரி டவருங்க, உள்ள நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், கேட்ல செக்யூரிட்டி. நான் அத வேணாம்னு சொல்லல, வட சென்னைல நல்ல வீடு வரவே கூடாதா என்ன, டாக்டரும் ஐடி காரங்களும் இங்க வந்து குடியேறினா ஸ்கூலு, பேங்க்கு, ரோடு எல்லாம் கூட வரும். ஆனா அந்த மில்லுல நூல் சுத்துன எத்தனை குடும்பம் அந்த கேட்டுக்குள்ள வீடு வாங்கியிருக்கும்னு நினைக்கறீங்க? அவங்க பசங்க இன்னிக்கு அங்க வேலைக்கு போறாங்க, டிரைவரா, ஹவுஸ் கீப்பிங்கா.

கீழ் போர்ஷன் குடும்பத்த நீங்க நெனச்சு கவலப்படறீங்க பாருங்க, அதுக்காகத்தான் இத டைப் பண்றேன். ஏன்னா வேற யாரும் நினைக்க மாட்டாங்க. சட்டத்துல வாடகைக்காரருக்கு புது பில்டிங்ல இடம்னு ஒண்ணும் கிடையாது. குடிசை மாற்று வாரியம் பழைய குடியிருப்ப இடிச்சு கட்டும்போது கூட, அதான் இப்ப நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு 2021ல பேர் மாத்தினாங்களே, அங்க ஒதுக்கீடு இருக்கறவங்களுக்கு திரும்பி வர்ற உரிமையும் வெளிய இருக்கறதுக்கு 24,000 ரூபாயும் உண்டு. அந்த காசு சென்னை வாடகைக்கு எத்தனை மாசம் வரும்னு வேற கேள்வி, ஆனா திரும்பி வர்றதுன்ற ஒரு வார்த்தையாவது இருக்கு. தனியார் ஜேவில அதுவும் இல்ல, காலி பண்ணுனு சொன்னா கண்ணகி நகர், பெரும்பாக்கம், இல்லன்னா செங்குன்றம் தாண்டி. எம்.சி. ரோட்டுக்கு பெரும்பாக்கத்துல இருந்து துணி மூட்டையோட வர முடியுமா?

தேரடி_வீதி:

என் ஆதங்கத்தயும் கொட்டிடறேன். நாங்க திருவொற்றியூர்ல ஃபிளாட் வாங்கி வந்தவங்க, மெட்ரோக்காகவே வந்தோம், அந்த விஷயத்துல குறையே இல்ல, தேரடி ஸ்டேஷன்ல ஏறினா ஆபீஸ் போற வரைக்கும் ஒரு டென்ஷன் கிடையாது. ஆனா ஒரு வீடு இருந்த இடத்துல எட்டு வீடு வந்தா எட்டு வீட்டு கழிவும் அதே பழைய பைப்லதான் போவுது. எங்க தெருவுல மழை வந்தா மேன்ஹோல் பொங்கும், குழாய்ல வர்ற தண்ணி சில நாள் நாறும், லாரி தண்ணிக்கு மெயின்டனன்ஸ்ல பாதி போயிடும். மீஞ்சூர் கடல்நீர் ஆலைய 2010ல தொறந்தாங்க, நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன், பெரும்பாலும் நம்ம பக்கத்துக்காகத்தான், ஆனா பெரிய பைப்ல வந்த தண்ணி தெரு பைப்ல சுத்தமா வரணுமே. போர் போட்டுக்கலாம்னு பில்டர் சொன்னா நம்பாதீங்க, தண்டையார்பேட்டையில 2013ல பைப்லைன் கசிஞ்சு போர் தண்ணில எண்ணெய் வந்தது ஊரே பாத்துச்சு. தண்ணிய லேப்ல குடுத்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் காத்து. 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் எண்ணெய் வந்துச்சு, அதே மாசம் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துல எழுந்து ஓடினாங்க. கொடுங்கையூர் குப்பமேடு தீ புடிச்சா எந்த ஃபிளாட்டா இருந்தாலும் ஜன்னல சாத்திட்டு உக்காரணும். வட சென்னை வளர்ச்சி திட்டம்னு 2024 மார்ச்ல 4,181 கோடிக்கு ஆரம்பிச்சாங்க, வரவேற்கிறேன், மனசார வரவேற்கிறேன். அந்த காசு கண்ணுக்கு தெரியற சமுதாய கூடம், மார்க்கெட்டுக்கு போற அளவு தரைக்கு அடியில இருக்கற பைப்புக்கும் போகணும்னு கேக்கறேன். பிளானுக்கு உள்கட்டமைப்பு கட்டணம்னு வாங்கறாங்க இல்ல, அது அந்த தெருவுக்கே திரும்ப வரணும்.

வண்ணை_வாசல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராணி அக்கா, நீங்க எழுதினத அம்மாவுக்கும் அக்காவுக்கும் படிச்சு காட்டினேன், அக்கா அழுதுட்டா. நாலு பேரும் சேந்துதான் கையெழுத்து போடுவோம், அது முடிவாயிடுச்சு. தெருவ அளந்தேன், 20 அடி கூட முழுசா இல்ல, ஆக அந்த எக்ஸ்ட்ரா மாடி பேச்சே வேணாம்னு சொல்லப்போறோம்.

அம்மா ஒண்ணு சொல்றாங்க. அவங்க எப்பவும் என்கூடதான் இருக்கப்போறாங்க, அதனால அவங்க பங்கு ஃபிளாட்ட தையல்கார குடும்பத்துக்கே வாடகைக்கு குடுத்துடலாம், வாடகை இப்ப குடுக்கறதவிட கொஞ்சம் ஏத்தி, மார்க்கெட் ரேட் வேணாம்னு. அண்ணனுக்கு மொதல்ல விருப்பமில்ல, அம்மா பங்கு அம்மா இஷ்டம்னு இப்ப ஒத்துக்கிட்டான். கட்டற வரைக்கும் அவங்களுக்கும் வெளிய இருக்கறதுக்கு வாடகைய பில்டர் தரணும்னு கேக்க போறோம். இத எப்படி எழுதறது?

ராயபுரம்_ராணி:

அக்ரிமென்ட்ல தற்காலிக வாடகைன்னு வர்ற இடத்துல உங்க குடும்பத்தோட சேத்து கீழ் போர்ஷனுக்கும் தனியா ஒரு தொகைய போட சொல்லுங்க, உங்க கைக்கு வந்து நீங்க அவங்களுக்கு குடுக்கற மாதிரி. ஒத்துக்கலன்னா அந்த அளவு அட்வான்ஸா சேத்து வாங்குங்க. திரும்பி வர்றத பத்தி அம்மா அவங்களோட தனியா ஒரு ஒப்பந்தம் இப்பவே போடணும், எந்த ஃபிளாட், என்ன வாடகை, எத்தனை வருஷம். வீடு ரெடியானதும் 2017 வாடகை சட்டப்படி முறையான வாடகை ஒப்பந்தமா போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணிடுங்க. நாளைக்கு அம்மா இல்லாத காலத்துலயும் அந்த வருஷம் முடியற வரைக்கும் அந்த பேப்பர் நிக்கும்.

ஊசி_நூல்:

நானும் தையல்தான், கொருக்குப்பேட்டை. அண்ணே ஒண்ணு மறந்துடாதீங்க. ஃபிளாட்டுக்கு மாறினவங்க நிறைய பேருக்கு வீடு கெடச்சும் தொழில் போயிடுச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க மிஷின் சத்தம்னு அசோசியேஷன்ல எழுதி குடுத்து நிறுத்திடறாங்க. பில்டர் தன்னோட 4 வீட்ட விக்கும்போதே அந்த வீட்டுல தையல் மிஷின் ஓடும்னு வாங்கறவங்களுக்கு தெரியணும், அசோசியேஷன் விதில எழுதிடுங்க. அம்மாவுக்கு முதல் மாடிய கேட்டு வாங்குங்க, ஓரமா இருக்கற வீடா. லிஃப்ட் நின்னாலும் துணி மூட்டைய தோள்ல தூக்கி ஏத்திடலாம். பவர் மிஷின் எத்தனை ஓடுதுன்னு இப்பவே எண்ணி, அந்த லோடுக்கு ஏத்த கனெக்‌ஷன பிளான்லயே கேட்டுடுங்க, பின்னாடி மாத்தறது பெரிய அலைச்சல்.