ஞாயிறு காலை பீர்: டெக்சாஸில் 10 மணியா, 12 மணியா?

பிளேனோவாசி: "டெக்சாஸில் எப்போது வேண்டுமானாலும் சரக்கு வாங்கலாம்" என்று பிரியாணி இழையில் ஒரு மகான் எழுதியிருக்கிறார். ஞாயிறு காலை என்றைக்காவது கடைப்பக்கம் போயிருக்கிறாரா? கறி, கரி, வெங்காயம் எல்லாவற்றுக்கும் பில் போட்டுவிட்டு பீரை மட்டும் கல்லாவிலேயே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மதியம் 12 வரை விற்கக்கூடாதாம். யாரோ சர்ச்சுக்குப் போக நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

கேட்டிக்காரர்: அந்த மகான் நான்தான். 12 இல்லை, 10. 2021 செப்டம்பர் 1 முதல் பீரும் வைனும் 10 மணிக்கே விற்கலாம்.

பிளேனோவாசி: சரி, 9 மணிக்குக் கிடைக்குமா?

கேட்டிக்காரர்: நீங்கள் எழுதியது 12.

சுகர்லேண்ட் அக்கா: சனிக்கிழமையே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன?

பிளேனோவாசி: ஞாயிறு வரை மிச்சம் இருக்குமா அக்கா?

சுகர்லேண்ட் அக்கா: இருக்காது என்றால் கோளாறு சட்டத்தில் இல்லை தம்பி.

ஆஸ்டின் அண்ணாச்சி: பீருக்கே இந்தச் சண்டையா? விஸ்கி விற்கும் கடை ஞாயிறு முழுக்கப் பூட்டு. மினசோட்டா 2017-லும் இண்டியானா 2018-லும் ஞாயிறு விற்பனையைத் திறந்துவிட்டன. இங்கே தடையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களில் மதுக்கடை முதலாளிகளும் உண்டு. ஏழாவது நாளும் திறந்தால் ஆள்கூலிதான் கூடும், ஆறு நாள் விற்கிற சரக்குதான் ஏழு நாளில் விற்கும் என்பது அவர்கள் கணக்கு.

பிளேனோவாசி: அப்புறம் எதற்கு இந்தப் பக்தி வேஷம்? 1985 வரை சனியும் ஞாயிறும் தொடர்ந்து சட்டி பானைகூட விற்க முடியாத மாநிலம் இது. இன்றைக்கும் கார் ஷோரூம் அந்த இரண்டில் ஒரு நாள் மூடியே ஆக வேண்டும்.

கேட்டிக்காரர்: ஞாயிறு அடைப்பு பொது ஓய்வுக்காக, மதத்துக்காக அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. உங்கள் 12 மணிக்கு ஆதாரம் எங்கே?

பிளேனோவாசி: ஓய்வு நாளில்தானே ஐயா பீர் குடிப்பார்கள்! திங்கட்கிழமை காலை 7 மணிக்கு விற்கிறான். வேலைக்குப் போகிறவனுக்கு 7 மணிக்கு, வீட்டில் இருப்பவனுக்கு 10 மணிக்கு. நல்ல நியாயம்!

கேட்டிக்காரர்: ஆக, 10 என்று ஒப்புக்கொண்டீர்கள்.

பிளேனோவாசி: எங்கே ஒப்புக்கொண்டேன்? என் கண்ணெதிரே கல்லாவில் எடுத்து வைத்தார்கள்.

கேட்டிக்காரர்: எந்த வருடம்?

பிளேனோவாசி: வருடம் எதற்கு? நீங்கள் என்ன கலால் அதிகாரியா?

தாம்பரத்தான்: எங்கள் டாஸ்மாக் தினமுமே மதியம் 12-க்குத்தான் திறக்கும். நாங்கள் அழுகிறோமா?

பிளேனோவாசி: ஊரோடு போய்விட்டவருக்கு டெக்சாஸ் இழையில் என்ன வேலை? பொங்கல் விழாவுக்குப் பங்குப் பணம் தராமல் விமானம் ஏறியவர்தானே?

தாம்பரத்தான்: கொடுத்தேன். கணக்கு எழுதியவர் கேட்டிக்காரர், அவரைக் கேளுங்கள்.

கேட்டிக்காரர்: அந்தக் கணக்கைத் தனியாகப் பேசுவோம். முதலில் 10 என்று திருத்துங்கள்.

பிளேனோவாசி: 9 மணிக்கு பீர் வாங்கிய ரசீதைக் காட்டுங்கள், திருத்துகிறேன்.