'முன் ஒட்சியேற்றம்' வேண்டாம்: 'ஒட்சிசன் முற்சேமிப்பு' பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

கைக்குழந்தைக்கு மயக்கமருந்து கொடுத்துச் சுவாசக்குழாய் செலுத்துவதற்கு முன் முகமூடி வழியே ஒட்சிசன் கொடுப்பதை (ஆங்கிலத்தில் preoxygenation) 'முன் ஒட்சியேற்றம்' என அழைக்கலாம் என்று நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளையிடம் கேட்டாலும், ஒட்சியேற்றம் என்றதும் இரும்பு துருப்பிடிப்பதைத்தான் சொல்லும். தமிழகத்து 'ஆக்சிஜனேற்ற'த்துக்கும் இதே சிக்கல் உண்டு. ஈமோகுளோபினில் உள்ள இரும்பு ஒட்சியேற்றம் அடைந்துவிட்டால் அது ஒட்சிசனைச் சுமக்கும் திறனையே இழந்துவிடும். ஆகவே இச்சொல் நாம் கருதுவதற்கு நேர்மாறானதைச் சொல்லிவிடுகிறது.

'ஒட்சிசனூட்டல்' நல்ல சொல் என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பெற்றோருக்கான விளக்கத்தாள் ஒன்றைத் தமிழாக்கியபோது 'முன் ஒட்சிசனூட்டல்' என்றே எழுதினேன். மூதூரிலிருந்து நான்கு மாதக் குழந்தையோடு வந்திருந்த தாய் அந்த வரியில் விரலை வைத்து, "மிஸ், பால் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, இதில முன் ஊட்டல் எண்டு கிடக்குதே?" என்று கேட்டார். மயக்கத்தில் வயிற்றுப் பால் மேலேறிச் சுவாசப்பைக்குள் போய்விடக்கூடும் என்பதற்காகத்தான் பட்டினி இருக்கச் சொல்கிறோம். அந்தத் தாளிலேயே 'ஊட்டல்' என்று எழுதியது என் பிழை.

ஆகவே செயலைப் பார்த்துப் பெயரிடுவோம். மூச்சை வெளிவிட்ட பின்னும் சுவாசப்பையில் எஞ்சி நிற்கும் காற்று ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். ஐந்து கிலோக் குழந்தைக்கு 150. மயக்கத்தில் அதுவும் சுருங்கும். அக்காற்றில் பெரும்பகுதி நைதரசன். வளர்ந்தவரைவிடக் கிலோவுக்கு ஏறத்தாழ இருமடங்கு ஒட்சிசனைச் செலவிடும் குழந்தைக்கு இது எந்த மூலைக்கு? முகமூடி ஒட்சிசன் அந்த நைதரசனை வெளியேற்றி, அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. அப்படிச் செய்தும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குருதியில் ஒட்சிசன் நிரம்பல், மருந்தால் மூச்சு நின்றபின் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் 90 வீதத்துக்கு இறங்கிவிடும். பதின்ம வயதினருக்கோ ஆறு நிமிடம் வரை தாங்கும்.

இது செலவுக்கு முன் இருப்பு வைப்பது. எனவே 'ஒட்சிசன் முற்சேமிப்பு' என்பதே என் முன்மொழிவு. 'முன்னிரப்பல்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்டும் மானியில் காணும் 'நிரம்ப'லுக்கும் அதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. மானி 98 காட்டினால் வேலை முடிந்தது என்று புதிதாகப் பயில்பவர் எண்ணிவிடுவார். ஆனால் மானி காட்டுவது குருதியின் நிலையை, சுவாசப்பையின் இருப்பை அன்று.

குழாய் செலுத்தும் வேளையில் மூக்குக் குழல் வழியே தொடர்ந்து கொடுக்கும் ஒட்சிசனுக்கும் (ஆங்கிலத்தில் apnoeic oxygenation) ஒரு பெயர் வேண்டும். அப்போது மூச்சு அசைவே இராது. குருதி ஒட்சிசனை உறிஞ்ச உறிஞ்ச, மேலிருந்து வாயு தானாகவே உள்ளே இழுக்கப்படும். காபனீரொட்சைட்டு மட்டும் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போகும். 'மூச்சோய்வு' என்று தொடங்கும் பெயரை நான் விரும்பவில்லை. நம் ஊரில் மூச்சு ஓய்ந்தது என்றால் ஆள் போய்விட்டார் என்றே பொருள். ஒப்பமிடக் காத்திருக்கும் தாயின் முன் அச்சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடலுக்குள் சுழியோடுபவரின் 'மூச்சடக்க'மும் பொருந்தாது. அது தானே விரும்பிச் செய்வது. 'மூச்சிடைநிறுத்தம்' என்றால் மீண்டும் தொடரும் என்ற குறிப்பும் அதற்குள் இருக்கிறது. ஆகவே 'மூச்சிடைநிறுத்த ஒட்சிசன் வழங்கல்'. நீளம்தான்; பொருள் கெடாமல் இதைச் சுருக்கித் தருபவர் இருந்தால் மகிழ்வேன்.