ஜெல்ல ரெண்டு பேண்டு வருது, பிளாஸ்மிட் கெட்டுப்போச்சா?

கேள்வி:
எம்எஸ்சி பயோடெக் முதல் வருஷம். ஈ.கோலை பாக்டீரியாவுல இருந்து பியூசி19 பிளாஸ்மிட் (2686 பேஸ் ஜோடி நீளமுள்ள சின்ன வட்ட டிஎன்ஏ) எடுத்து அகரோஸ் ஜெல்ல ஓட்டுனா ரெண்டு பேண்டு, மேல மங்கலா ஒண்ணு கீழ பளிச்சுன்னு ஒண்ணு, ஆனா ரெண்டுமே லேடர்ல (சைஸ் தெரிஞ்ச டிஎன்ஏ துண்டுங்க, அளவுகோல் மாதிரி) 2686க்கு நேரா இல்ல. வைவாவுல கேட்டா என்னங்க சொல்றது?

பதில்:
கெடலப்பா, வெட்டாத பிளாஸ்மிட் அப்படித்தான் ஓடும். கீழ இருக்கறது சூப்பர்காயில்டு, முறுக்கிச் சுருங்கி இருக்கறதால ஜெல் துளைக்குள்ள வேகமா பூந்து போயிடும். மேல இருக்கறது நிக் ஆனது, ஒரு இழை மட்டும் அறுந்து முறுக்கு அவுந்த வட்டம், மெதுவாத்தான் நகரும். லேடர்ல இருக்கறது நேர்கோட்டு டிஎன்ஏ, அதோட இத ஒப்பிட்டா சைஸ் எப்படி ஒத்துவரும்?

பதில்:
டிஎன்ஏவ வெட்டுற என்சைம் ஈகோஆர்1 போட்டு 37 டிகிரியில ஒரு மணி நேரம் வெட்டிப் பாருங்க, பியூசி19ல அதுக்கு ஒரே ஒரு இடம்தான், முழுசா வெட்டுச்சுன்னா 2686ல ஒத்த பேண்டா நிக்கும். வெட்டாததயும் பக்கத்து லேன்ல போடுங்க, வைவாவுல காட்ட அது ஒண்ணே போதும்.

கேட்டவர்:
சூப்பர்ங்க. சாம்பிள் ஊத்துற வெல் ஓரமாவும் பளபளன்னு ஏதோ தெரியுதே, அது?

பதில்:
குரோமோசோம் டிஎன்ஏவா இருக்கும். செல்ல உடைக்கற எஸ்டிஎஸ் ஊத்துனப்புறம் டியூப வேகமா குலுக்கற வோர்டெக்ஸ்ல வெச்சா அது துண்டாகி கூடவே வந்துரும், மெதுவா கவுத்து கவுத்து கலக்குனா போதும். ரொம்ப கீழ பொகை மாதிரி தெரிஞ்சா அது ஆர்என்ஏ, அத அழிக்கற என்சைம் ஆர்என்ஏஸ் போட்டா போயிரும்.