மறுமொழி: ‘முதல்நிலைக் கல்லீரல் புற்று’ – மாற்றுச் சொல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிரைமரி லிவர் கேன்சருக்கு, அதாவது கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கு, ‘முதல்நிலைக் கல்லீரல் புற்று’ என்று கலைச்சொல் வரைவில் தந்திருக்கிறீர்கள். நோயாளர் கையேட்டில் இது கூடவே கூடாது. குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் குடும்பம் ‘முதல்நிலை’ என்றதும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்றுதான் படிக்கும். கட்டி போர்ட்டல் நாளத்துக்குள் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) புகுந்து முற்றிய பிறகும் அது பிரைமரிதானே! ‘முதன்மை’ என்றால் முக்கியமானது என்றாகிவிடும். கட்டி முளைத்த இடத்தைச் சொல் காட்ட வேண்டும். ‘தன்னுறுப்புப் புற்று’ எனலாம். குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ கல்லீரலுக்கு வந்தது ‘பரவுபுற்று’. ‘ஈரல் புற்று’ என்று சுருக்கவும் வேண்டாம், மண்ணீரலும் நுரையீரலும் ஈரலே.

அடுத்து, கல்லீரல்செல் புற்றின் உள்வகையான ஃபைப்ரோலாமெல்லருக்கு ‘நார்ப்புற்று’ போதாது. ஸ்கிர்ரஸ் என்ற இன்னோர் உள்வகையிலும் நார் மண்டிக்கிடக்கும். ஸ்கிர்ரஸ், பித்தநாளப் புற்று என்றே ஏமாற்றும். அதில் கல்லீரல் செல்லை அடையாளம் காட்டும் ஹெப்பார்-1 சாயம் பல நேரம் பிடிக்காது, ஆர்ஜினேஸ்-1 சாயம் பார்த்தால்தான் கல்லீரல் செல் என்று தெளியும். அதை ‘இறுகுநார்ப் புற்று’ எனலாம். ஃபைப்ரோலாமெல்லரில் பெரிய இளஞ்சிவப்புச் செல்களுக்கிடையே நார் இணையிணையாக, ஏடு ஏடாகப் படிந்திருக்கும். பாலேடு போல ‘நாரேடு’. ஆகவே ‘நாரேட்டுப் புற்று’. பெரும்பாலும் இளவயதினருக்கு, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுதல்) இல்லாத கல்லீரலில் வருவது. இரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி என்ற புற்றுக்குறிப் புரதம் பெரும்பாலும் உயராது. சிரோசிஸை மட்டுமே தேடும் கண்ணுக்கு இது தப்பிவிடும். பெயர் தனித்து நிற்க வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

இவ்விரண்டும் கல்லீரல்செல் புற்றின் உள்வகைகள். பித்தநாளப் புற்று தனித் திசுவகை. வரைவில் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன, பிரித்துவிடுங்கள்.

டெமோகிராஃபிக்ஸுக்கு வரைவில் உள்ள ‘மக்கள்தொகையியல்’ ஒரு துறையின் பெயர். வயது, பால், ஊர் குறிக்க ‘நோயாளர் விவரம்’ போதும். ஊர் என்ற இடத்தில் ‘நிலையான வாழிடம்’ என்று போடுங்கள். வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வருவோர் லாட்ஜ் முகவரியை எழுதிவிட்டால் எல்லோரும் வேலூர்க்காரர் ஆகிவிடுவார்கள்.

—

அம்மா, வணக்கம்.

நாரேடு, இறுகுநார் இரண்டையும் ஏற்கிறேன். ‘தன்னுறுப்பு’ மட்டும் இடிக்கிறது. கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவருக்குத் தன்னுறுப்பு என்றால் எடுத்துவிட்ட பழைய கல்லீரல். கொடையாகப் பெற்றது வேறு. ஹெபடைட்டிஸ் பி, சி (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) உள்ளவர்கள் கையேட்டில் புற்று, மாற்று அறுவை ஆகிய இரண்டு பக்கத்தையும் படிப்பார்கள், குழம்புவார்கள். பிறப்பிடம், வாழிடம் போல ‘தோன்றிடம்’ என்று வைத்தால் என்ன? அட்டவணைத் தலைப்பில் ‘தோன்றிடப் புற்று’, ‘பரவுபுற்று’. கையேட்டு உரையில் ‘கல்லீரலிலேயே தோன்றிய புற்று’ என்று விரித்தே எழுதிவிடலாம்.