எலுமிச்சை வகைகளின் பன்மையை அளக்க குளோரோபிளாஸ்ட் ஜீனோம் மட்டும் போதுமா?

ஆய்வுமாணவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக மலையடிவாரத் தோட்டங்களில் நாரத்தை, கிடாரங்காய், எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா என்று கிடைக்கிற எல்லாவற்றிலும் இலை எடுத்து, குளோரோபிளாஸ்ட் (இலையின் பசுங்கணிகம்) ஜீனோமை, அதாவது அதிலுள்ள டிஎன்ஏவை மட்டும் முழுசாகப் படித்து மரபுப் பன்மையை ஒப்பிடலாம் என்றிருக்கிறேன். கைடோ, "உட்கருவைத் தொடாமல் இதற்கு அர்த்தமே இல்லை" என்கிறார். கையிலிருக்கிற காசுக்கு இதுதான் கட்டுப்படியாகும். என்ன சொல்கிறீர்கள்?

பம்பளிமாஸ்:
தாராளமாகச் செய்யுங்கள். சாத்துக்குடி இனத்தின் குளோரோபிளாஸ்ட் ஜீனோம் 2006லேயே வந்துவிட்டது, 1,60,129 டிஎன்ஏ எழுத்து. உட்கருவில் 36 கோடிக்கு மேல். ஒரு இலைச் செல்லில் உட்கரு ஒன்றுதான். குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவோ ஆயிரக்கணக்கான நகல். மேலோட்டமாகப் படித்தாலே முழுசாகக் கிடைத்துவிடும், ஹெர்பேரியத்தில் காய்ந்து கிடக்கும் இலையிலிருந்துகூட. 2015ல் 34 சிட்ரஸ் (எலுமிச்சைப் பேரினம்) குளோரோபிளாஸ்ட்களை வைத்தே அந்தப் பேரினத்தின் உறவுமுறையை எழுதினார்கள்.

வேர்த்தண்டு:
பேரினத்தின் உறவுமுறை வேறு, தோட்டத்துப் பன்மை வேறு. குளோரோபிளாஸ்ட் தாயிடமிருந்துதான் வரும். சாத்துக்குடி, கசப்பு ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட், சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற மஞ்சள் லெமன், இந்த நாலுக்கும் குளோரோபிளாஸ்ட் பம்பளிமாஸ் வழியில் வந்ததுதான். (பெயருக்கேற்ற கட்சி எடுத்திருக்கிறீர்கள், சார்!) சாத்துக்குடியின் உட்கருவில் பாதிக்கு மேல் கமலா இனத்தின் சரக்கு. அதைப் பம்பளிமாஸோடு ஒரே கிளையில் உட்கார வைத்துவிட்டு, பன்மையை அளந்தேன் என்று சொல்ல முடியுமா?

இன்னும் கேளுங்கள். சாத்துக்குடி இனத்து வேலன்சியா, நேவல், ரத்த ஆரஞ்சு எல்லாம் ஒரே மூதாதை மரத்திலிருந்து மொட்டு மாற்றத்தால் (கிளை மொட்டில் தானாக வரும் மரபு மாற்றம்) பிரிந்தவை. ரத்த ஆரஞ்சு சிவப்பாக இருப்பதற்குக் காரணம், ரூபி என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் தாவி வந்து செருகிக்கொண்ட ஒரு துண்டு. 2012ல் நிரூபித்தார்கள். அது இருப்பது உட்கருவில். குளோரோபிளாஸ்ட்டை மட்டும் பார்த்தால் ரத்த ஆரஞ்சும் சாதா ஆரஞ்சும் ஒன்றுதான்.

பம்பளிமாஸ்:
அந்த லெமனுக்குத் தாய் யாரென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது, தம்பி? உட்கருவைக் கேட்டால் "பாதி கசப்பு ஆரஞ்சு, பாதி சிட்ரான் (தடித்த தோல் கொண்ட சிட்ரஸ் இனம்)" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எது சூல் கொடுத்தது, எது மகரந்தம் கொடுத்தது என்று சொல்லாது. நாம் ஊறுகாய் போடுகிற எலுமிச்சைக்கும் தகப்பன் சிட்ரான்தான், தாய் மட்டும் பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பப்பேடா என்ற காட்டுச் சிட்ரஸ். வேர்க்கன்றாக வைக்கிற ஜம்பேரிக்குத் தாய் கமலா இனம், தகப்பன் மறுபடியும் சிட்ரான். மூன்று தடவையும் சிட்ரான் தகப்பனாகவே நிற்கிறது என்பது குளோரோபிளாஸ்ட்டைப் பார்த்ததால்தான் உறுதியானது. ஊரில் நாரத்தை என்று ஒருவர் காட்டுவதும் கிடாரங்காய் என்று இன்னொருவர் காட்டுவதும் எந்தத் தாய்வழி என்று அந்தப் பெண் பிரித்துக் காட்டினாலே பெரிய விஷயம்.

வேர்த்தண்டு:
அதைத் தாய்வழி ஆய்வு என்று சொல்லிச் செய்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. பன்மை என்று எண்ணிக்கை போடும்போதுதான் வம்பு. குளோரோபிளாஸ்ட்டில் மறுசேர்க்கை (தாய், தகப்பன் டிஎன்ஏ துண்டு துண்டாகக் கலப்பது) கிட்டத்தட்ட இல்லை. 1.6 லட்சம் எழுத்தும் சேர்ந்து ஒரே சாட்சி.

ஆய்வுமாணவிக்கு ஒரு எச்சரிக்கை: குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவில் ஒரே எழுத்து வரிசை எதிரெதிர்த் திசையில் இரண்டு இடங்களில் இருப்பதால், அவற்றுக்கு நடுவிலுள்ள சிறிய பகுதி ஒரே செடிக்குள்ளேயே நேராகவும் தலைகீழாகவும் இருக்கும். மென்பொருள் எதையோ ஒன்றை எடுத்துக் கொடுக்கும். திருப்பிச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசமெல்லாம் வந்து நிற்கும்.

புளியங்குடியான்:
சண்டைக்கு நடுவே தோட்டக்காரன் ஒரு வார்த்தை. ஒட்டுக் கன்று மரமாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே கிளம்புகிற போத்தில் இலை பறிக்காதேம்மா. அது சாத்துக்குடி இல்லை, கீழே இருக்கிற ஜம்பேரி. பராமரிப்பு இல்லாத தோட்டத்தில் போத்தே மரமாகி நிற்கும், முள்ளைப் பார்த்தால் தெரியும். விதைக் கன்றையும் நம்பாதே. ஒரே விதையில் ரெண்டு மூணு முளை வரும், பெரும்பாலும் தாய்மரத்தின் அச்சு.

ஆய்வுமாணவி:
நன்றிங்க ஐயா, போத்து விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. @வேர்த்தண்டு அண்ணா, மேலோட்டமாகப் படிக்கும்போது உட்கரு டேட்டாவும் கொஞ்சம் வருமே, அதைப் பயன்படுத்தக் கூடாதா?

வேர்த்தண்டு:
வரும். ஆனால் இவை பாதிக்குப் பாதி கலப்பினங்கள். ஒரு இடத்தை ஒரே தடவை படித்தால் இரண்டு அல்லீலில் (தாயும் தகப்பனும் கொடுத்த இரண்டு வடிவங்கள்) ஒன்றுதான் கண்ணில் படும். கலப்பு மரத்தைத் தூய மரம் என்று எழுதிவிடுவீர்கள்.

பம்பளிமாஸ்:
ஒற்றை முடிவு எடுக்காமல் நிகழ்தகவாகக் கணக்கிடும் முறைகள் வந்து வெகுநாளாயிற்று. அந்த டேட்டாவைக் குப்பையில் போடாதீர்கள்.

வேர்த்தண்டு:
போட வேண்டாம். மரங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வொன்றையும் ஆழமாகப் படிக்கட்டும். கைடும் அதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

பம்பளிமாஸ்:
பாதியாக்கினால் தாய்வழிகளில் பாதி கையைவிட்டுப் போகும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.